நெஞ்சில் ஒட்டிய பிளாஸ்திரி

சிப்பிக் கஞ்சியில் இஞ்சி போட்டால் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது, ஐயா. முப்பத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதில் பாதி இந்த மாதிரிதான். டோங்யோங் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்த்தவர். எஞ்சினோடு பேசுவார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவார். நான் போய் நிற்பேன்.

போன வருஷம் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியது. சட்டை மாற்றினாலே அலறினார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்ஸ் ஹே-ரிம் அவர் நெஞ்சில் வலிமருந்துப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினாள். "மூணு நாளைக்கு ஒருதடவை மாத்துங்கம்மா. மறந்துட்டீங்கன்னா துடிச்சுப் போயிடுவாரு."

வலி அடங்கியது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்தால், "போய் வேலையப் பாரு" என்பார்.

ஒருமுறை மாற்ற மறந்துவிட்டேன். நிஜமாகவே மறந்ததுதான். நாலாம் நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மல்சுன், எங்கயும் போயிராத. இங்கயே இரு." அவர் வாயால் என் பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

அதன்பிறகு நான் மறக்கவில்லை. மருந்துக்கடையில் சுளுக்குக்கு விற்கிற பிளாஸ்திரியை வாசம் போக வெயிலில் காயவைத்து, அதே அளவுக்கு வெட்டி, வலிமருந்துப் பிளாஸ்திரிக்குப் பதிலாக ஒட்டினேன். மேலே துணி டேப் போட்டு மறைத்தேன். ஹே-ரிம் டாக்டரிடம் சொல்லி இரண்டு முறை மருந்தைக் கூட்டினாள். "இவ்வளவு குடுத்தும் கேக்கலையேம்மா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல பெண்.

பதினோரு வாரம். மூச்சு வாங்கும் இடைவெளிகளில் எல்லாம் சொன்னார். பெண் பார்க்க வருவதற்கு முன்பே நான் கத்தியால் சிப்பி பிளக்கும் கொட்டகையில் என்னை ஒளிந்து நின்று பார்த்தாராம். "நீ பாத்துருந்தா கத்தியால கீறியிருப்ப" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் இடுப்பு வலித்து மறுபடி அலறினார். நான் கையை விடவில்லை.

பிறகு புரண்டு படுக்கையில் தொடையெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோது, கூடவே வந்திருந்த ஹே-ரிம் டேப்பை உரித்துப் பார்த்தாள். "அம்மா, இது என்னம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதும் ராத்திரியில் சுவருக்கு அந்தப்பக்கம் "மல்சுன்" என்று கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன், வெறும் படுக்கைதான்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அவருக்கு நிஜ மருந்தை ஏற்றினார்கள். இரண்டு நாள் தூங்கினார். ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார். அவரை என்னிடமிருந்து பிரித்தது அந்த மருந்துதான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.