நிலுவை இல்லாத பிரிவு

விசாப் பிரிவின் காத்திருப்புக் கூடத்துக்கு மின்விசிறி கேட்டு மேலிடத்துக்கு எழுதியவன் நான்தான். எனக்கு முன்னால் இருந்த அதிகாரிகள் யாருக்கும் அது தோன்றவில்லை. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்று வெளியே பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன்.

நான் பொறுப்பேற்றபோது விசா கொடுக்கும் வேகத்தில் நமது தூதரகங்களிலேயே இதுதான் கடைசி. விண்ணப்பங்கள் மலைபோல் கிடந்தன. வாசல் வரிசை தெருமுனை மருந்துக்கடையையும் தாண்டி வளைந்து போகும். மாணவர்கள், வியாபாரிகள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லோரையும் சீக்கிரமே ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டேன். சிகிச்சைக்குப் போகிறவர்கள்தான் சிக்கல். விசா கொடுத்து, அங்கே போய் ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் தலை உருளும். மறுத்தாலோ பத்திரிகையில் படத்தோடு வரும். அவர்களால், ஒரு விண்ணப்பத்துக்கு இத்தனை நாள் என்ற எங்கள் சராசரி கெட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இன்னொரு சான்றிதழ் வேண்டும் என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தால், அது திரும்பி வரும்வரை ஆகும் நாட்கள் எங்கள் கணக்கில் ஏறாது. பலர் திரும்பி வருவதே இல்லை. ஏன் என்று ஆரம்பத்தில் புரியவில்லை. புரிந்த பிறகு, இதுவும் ஒரு வழிதான் என்று பட்டது. நோயாளிக்கு விசா தேவைப்படாமல் போய்விடுகிறது. உறவினர் யாராவது வந்து, வாபஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாங்கள் யாரையும் மறுக்கவில்லை. எங்களையும் யாரும் திட்டவில்லை. அந்த வருடம் முதலிடம் எங்களுக்கு. மற்ற தூதரகங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்தார். ஒல்லியான மனிதர், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். மகளுக்கு இதயத்தில் ஓட்டை. நம் நாட்டு மருத்துவமனை ஒன்று அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டிருந்தது. மகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"மாமாவுக்கு வணக்கம் சொல்லும்மா கண்ணு," என்றார்.

சொன்னாள். நானும் சொன்னேன். மருத்துவமனைக் கடிதத்தின் அசல் வேண்டும் என்றேன்.

மறுநாள் காலையில் அசலோடு நின்றார். வங்கிச் சான்று கேட்டேன். கொண்டுவந்தார். குழந்தையின் தாய் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"அவ இல்ல சார். பிரசவத்துலயே போயிட்டா."

அப்படியானால் அந்த இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றேன். நான் மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அது கவுண்ட்டரில் இருந்தது.

இத்தனை சுறுசுறுப்பான மனிதரை நான் பார்த்ததில்லை. அதற்காக மட்டும் நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். ஆனால் அவர் எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வாசல் காவலாளி சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்:

"சார், உங்களுக்குப் போட்டியா வெளிய ஒரு ஆபீஸ் நடக்குது. 'அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாம நீட்டிடணும்'னு பாடம் எடுக்கறாரு. எல்லாரும் அவரைத்தான் பெரிய சார்னு கூப்பிடறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சான்றிதழ் கேட்டு நாங்கள் திருப்பி அனுப்பியவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், கைநிறையச் சான்றிதழ்களோடு. நிலுவை ஏறியது. மேலிடத்திலிருந்து, "என்னங்க, திடீர்னு சறுக்கறீங்க?" என்று போன் வந்தது.

கவுண்ட்டரில் இருந்த அம்மாளை நாங்கள் ரேடியோ என்போம். வாய் ஓயாது. அவர்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் விசா ஒட்டிக் கொண்டுவந்தார்.

"கையெழுத்து மட்டும் போட்டுட்டீங்கன்னா அந்தப் புள்ள நாளைக்கே கெளம்பிடும் சார்."

கையெழுத்துப் போட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பிறகு அந்தக் குழந்தையைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"இந்த வாரத்துக்குள்ள பிளைட் ஏத்திடுங்க சார். அதுக்கு மேல அந்த இதயம் தாங்காது," என்றார்.

நன்றி சொல்லி வைத்தேன். இரண்டு பாஸ்போர்ட்டையும் என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மெக்கானிக் தினமும் வந்தார். "சார், இன்னும் எதாவது பேப்பர் பாக்கியா? சொல்லுங்க, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் பாக்கி இல்ல. பரிசீலனையில இருக்கு."

கொண்டுவருவதற்கு எதுவும் இல்லாமல் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. கையைப் பிசைந்துகொண்டே நின்றார். எல்லாம் சரியாகக் கொடுத்தவருக்கே இந்தக் கதி என்று பஸ் நிறுத்தத்துக் கூட்டம் கலைந்தது. என் கணிப்பு சரியாகவே இருந்தது.

ரேடியோவின் பேச்சு நின்றுபோயிற்று. ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"நான்தான் ஒட்டினேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. பாஸ்போர்ட் எங்க சார்?"

"உங்க வேலையைப் பாருங்க."

"அந்தப் புள்ளைக்கு மூச்சு இழுக்குது சார். கீழ டாக்சியில படுத்திருக்கு. ஒரு தடவை எட்டிப் பாருங்க, போதும்."

பார்த்தேன். குழந்தையின் தலை அதன் அத்தை மடியில் இருந்தது. மெக்கானிக் காரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். கையைத் தூக்கினார், கும்பிட. நான் திரையை இழுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அத்தை மட்டும் வந்தாள், வாபஸ் எழுதிக் கொடுக்க. ரேடியோ அதைக் கையில் வாங்கவில்லை. நேராக என் அறைக்குள் வந்து, ஒரு கத்தரிக்கோலால் இழுப்பறையை நெம்பித் திறந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அரசாங்கப் பூட்டு. உங்கள் அறிக்கையில் அதையும் சேர்க்க வேண்டும்.

தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான். டாக்டர் சொன்ன அந்த வாரம் முடியட்டும் என்றுதான் பூட்டி வைத்தேன். வாரம் முடிந்தது, குழந்தையும் முடிந்தாள். மெக்கானிக் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவருடைய விசாவை நான் ரத்து செய்யவில்லையே. இன்னும் செல்லும். அவர் விரும்பினால் நாளைக்கேகூடப் போய்வரலாம்.