கண்ணீர் அஞ்சலி பார்த்து எண்ணுகிறவள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். மூங்கில்துறைப்பட்டு பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் தாய்மாமனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட, வெளிநாட்டு சண்டையில செத்த சிப்பாய எண்ணிக்கினு கீறேன்னு சொல்லிடாத.”

“அதான மாமா என் வேலை?”

“இன்னா வேலை? அந்த நாட்டு கவர்மெண்ட்டே கணக்கு சொல்லுதே!”

“கம்மியா சொல்லுது. பெத்தவங்க மறைப்பாங்களா? நம்மூரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரு மாதிரி அங்கியும் நெட்டுல போட்டோ, பேரு, ஊரு போடறாங்க. ஒவ்வொண்ணா பாத்து சேக்கறேன்.”

“போட ஆளில்லாதவன்?”

“அதுக்குத்தான் ‘குறைஞ்சது இத்தினி பேரு’ன்னு எழுதறோம்.”

“மாப்ள வூட்ல வேணாம்னு பூட்டா?”

“போவட்டும் மாமா. எண்றத வுட்டுட்டு கட்டிக்கிற தாலி எனக்கு வேணாம்.”

மாமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொடுக்கும் பேத்தியிடம் கேட்கிறேன்: அந்தப் பொண்ணு சொன்னதுல எதையும் கம்மி பண்ணலியே? படிச்சிக் காட்டு, கண்ணு.