வெட்டாமல் விட்ட வயர்

பின்னேரம் ஆறரை இருக்கும். மல்லாவிச் சந்தை தாண்டிக் குளக்கட்டுப் பக்கம் போற கிரவல் றோட்டு... ஆள் இல்லை, லைற் இல்லை, ரெண்டு பக்கமும் வயல். றோட்டோரம் ஒருத்தர் தனியக் குனிஞ்சு நிண்டு, மண்ணுக்குள்ளையிருந்து ஒரு கறுப்பு வயரை இழுத்துப் பாக்கிறார். இழுக்க இழுக்க வருது... முடிவில்லை.

அதுதான் குகதாசண்ணை. என்ரை கூட்டாளி வினோதன்ரை அக்கா சாரங்கா இருக்கிறா எல்லோ, அவவின்ரை புருசன். நல்ல மனுசன், ஆனால் சந்தேகம் எண்டால் அப்பிடி ஒரு சந்தேகம். தேத்தண்ணிக்குச் சீனி போடுறதைக் கண்ணாலை கண்டாலும் குடிச்சுப் பாத்துத்தான் நம்புவார். பக்கத்துக் காணிச் செல்வநாயகம் இருமினாலும் தனக்கு எதிராய் ஏதோ நடக்குது எண்டு நினைப்பார். ரெண்டு பேருக்கும் வாய்க்கால் தண்ணியிலை கோவம். சிரியாதேங்கோ... கேளுங்கோ.

சாரங்காக்கான்ரை அப்பா அப்புத்துரையர் வயல் கொட்டிலிலை யானைக் காவல். அந்தப் போகம்தான் அயலிலை ஒருத்தரை யானை அடிச்சுப் போட்டுது. அக்காவுக்கு நித்திரை இல்லை. கொட்டிலடியிலை மொபைலுக்குச் சிக்னலும் இல்லை. கிழவன் கத்தினாலும் ஆருக்குக் கேக்கும்?

அதுக்குத்தான் வினோதன் அந்தப் பெட்டியைக் கொண்டந்து பூட்டினவன். உள்ளங்கை அளவுதான். இன்ரநெற்றிலை ஃபோன் கதைக்கிற பெட்டி. பின்னாலை ரெண்டு ஓட்டை. ஒண்டிலை வீட்டு ஃபோன், மற்றதிலை கொட்டில் ஃபோன். வீட்டுக்கு நம்பர் பதினொண்டு, கொட்டிலுக்குப் பன்ரெண்டு. அமத்தினால் மற்றது அடிக்கும். லண்டனிலை இருக்கிற சொந்தங்களோடையும் கதைக்கலாம்.

கொட்டில் அரை மைல் தூரம். அவ்வளவு வயர் வாங்கக் குகதாசண்ணைக்கு மனம் வரேல்லை. அந்த நேரம்தான் இந்தக் கறுப்பு வயர் அம்பிட்டது. சண்டைக்காலத்திலை காவலரணுகளுக்கு ஃபோன் கதைக்க இழுத்த வயர். எங்கடை பக்கம் அதிலை உடுப்புக் காயப்போடாத வீடு இருக்கோ? வீட்டுக்குக் கிட்டத் தொடங்கி, நேரே கொட்டிலடிக்குப் போகுது. கொட்டிலைத் தாண்டிக் காட்டுக்குள்ளையும் போகுது.

"அங்காலை போறதை வெட்டிவிடுங்கோ அத்தான்," எண்டு வினோதன் சொன்னவன்.

"ஏன் வெட்டுவான்? பிறகு ஒண்டுக்கு உதவும்," எண்டிட்டு, தோலை மட்டும் சீவிக் கொட்டில் ஃபோனைக் கொழுவிவிட்டார்.

ரெண்டு நாள் நல்ல வேலை செய்தது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் வீட்டு ஃபோன் அடிச்சுது. பன்ரெண்டு எண்டு காட்டுது. எடுத்தார்.

"மாமா?"

மழைச் சத்தம். தகரத்திலை விழுற மழை... வெளியிலை ஒரு துளி இல்லை. பிறகு ஒரு சின்னப் பெடியன்ரை குரல். களைச்ச குரல்.

"அண்ணை... கேக்குதோ? இன்னும் நிக்கிறதோ... விட்டிட்டு வாறதோ?"

கட்.

உடனை கொட்டிலுக்கு எடுத்தார். "நான் ஃபோனைத் தொடவே இல்லைத் தம்பி," எண்டார் மாமனார்.

முதல் சந்தேகம் வினோதனிலை. கிளிநொச்சியிலை இருந்துகொண்டு பெட்டியை வைச்சுப் பகிடி விடுறான் எண்டு கூப்பிட்டு நல்ல பேச்சு. அவன் சத்தியம் பண்ணினான். "அந்த வயரிலை அங்காலை ஆரும் ஒரு ஃபோனைக் கொழுவினாலும் பன்ரெண்டு எண்டுதான் காட்டும் அத்தான்." அவ்வளவும் போதும் எங்கடை ஆளுக்கு. செல்வநாயகம்! அவரின்ரை மாடுதானே காட்டுப்பக்கம் மேயிறது.

விடிய வயரைப் பிடிச்சுக்கொண்டு போனார். கொட்டில் தாண்டி, நாயுண்ணிப் பத்தை தாண்டி... மண்டையோடு கீறின சிவப்புப் பலகை. மிதிவெடி. வயர் பலகைக்குக் கீழாலை உள்ளுக்குப் போகுது. அங்காலை மாட்டுக் குளம்பும் இல்லை, மனுசக் காலும் இல்லை. பாத்துக்கொண்டு நிண்டார். அப்பவும் சந்தேகம் போகேல்லை!

அண்டைக்குப் பின்னேரமும் அடிச்சுது. அடுத்த நாளும். அதே மழை, அதே கேள்வி. கடைசியிலை மனுசனுக்குப் பொறுமை விட்டுப்போச்சு.

"ஓமடா! விட்டிட்டு வா! எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா! நான் இஞ்சைதான் நிக்கிறன்!"

"சரி அண்ணை..."

பிறகு 'அப்பாடா' எண்டு ஒரு மூச்சு. ஒராளின்ரை மூச்சில்லை... கனபேற்றை மூச்சு.

அந்த நேரம் படலையடியிலை சைக்கிள் மணி. செல்வநாயகம். "என்ன குகன், ஆரோடை சத்தம் போடுறாய்?" எண்டு கேட்டுப்போட்டு அந்தாள் தன்ரை பாட்டிலை மிதிச்சுக்கொண்டு போட்டுது. குகதாசண்ணை கையிலை இருந்த ஃபோனையும் படலையையும் மாறி மாறிப் பாத்தார்.

அப்பிடியெண்டால்... நான் ஆரை வரச்சொன்னன்?

திருப்பியும் ஃபோன். இந்த முறை அப்புத்துரையர்தான். குசுகுசுத்த குரல்.

"தம்பி... வரம்பாலை ஆக்கள் போகினம். கனபேர். லைற் இல்லை. ஒராளின்ரை தோளை ஒராள் பிடிச்சபடி... கதை இல்லை, சரக்... சரக் எண்டு ஈரக் கால். நாயும் குலைக்கேல்லை..."

"எங்கை போகினம் மாமா?"

"உங்கைதான்... உங்கடை வீட்டுப் பக்கம்."

சாரங்காக்கா பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவ. "அப்பா, கொட்டிலை விட்டு இறங்கவேண்டாம்!" எண்டு கத்திப்போட்டு ஓடிப்போய்க் கதவைப் பூட்டினா. ரெண்டு பேரும் விறாந்தைக்கு உள்பக்கம் நிண்டினம். ஆரும் தட்டேல்லை. ஒரு சத்தம் இல்லை. கதவுக்குக் கீழாலை மணம் மட்டும் வந்துது... ஈர மண்ணும், காயத்துக்குக் கட்டுற மருந்தும்.

ஃபோன் அடிச்சுது.

பன்ரெண்டு இல்லை. பதினொண்டு எண்டு காட்டுது... அவையின்ரை வீட்டு நம்பர்தான்.

"வந்திட்டம் அண்ணை. எல்லாரும் வீட்டு முத்தத்திலை நிக்கிறம்... இனி எங்கை போறது?"

குகதாசண்ணை ஃபோனைப் பிடிச்சபடி அக்காவைப் பாத்தார். என்னத்தைச் சொல்லுறது? வரச்சொன்னது அவர்தானே. அக்காதான் ஃபோனைப் பறிச்சா. பயந்துகொண்டுதான் சொன்னவ, ஆனால் சொன்னவ.

"இருங்கோ பிள்ளையள்... கொஞ்சம் இருங்கோ."

விடியக் கதவைத் திறந்தினம். முத்தத்து மணலிலை கால் தடம் ஒண்டும் இல்லை. ஆக்கள் குந்தியிருந்த தடம்... வரி வரியாய், வேலி வரைக்கும். எல்லாம் கதவைப் பாத்தபடி. எழும்பிப் போன தடம் மட்டும் இல்லை.

அப்புத்துரையருக்கு ஒண்டும் நடக்கேல்லை. வந்து படலையடியிலை நிண்டிட்டார், உள்ளுக்கு வரேல்லை. வினோதன் பெட்டியைக் கழட்டப் போனவன். குகதாசண்ணை விடேல்லை. "அவங்கள் திருப்பிக் கேட்டால், ஆரடா பதில் சொல்லுறது?" எண்டு கேட்டாராம். ஒருத்தரிலையும் இப்ப சந்தேகம் இல்லை அந்த மனுசனுக்கு. செல்வநாயகத்துக்குத் தண்ணியும் விட்டாச்சு.

போன மாதம் நான் வினோதனோடை அங்கை போனனான். நல்ல வெய்யில். சாரங்காக்கா வாளியோடை கிணத்தடிக்குப் போறா. முத்தத்துக்குக் குறுக்காலை போகேல்லை, ஓரத்தாலை சுத்தித்தான் போறா. வெறும் முத்தம்... ஒரு கோழி கூட இல்லை. போகேக்கை சீலையை ஒதுக்கிப் பிடிச்சுக்கொண்டு, மெல்லமாய்ச் சொல்லுறா...

"கொஞ்சம் காலை மடக்குங்கோ ராசாக்கள்... தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்."