தண்ணீர் ஏந்தாத கை

ஹலோ... ஹலோ! ஆமா, அரியலூர்லேருந்துதான். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தியைக் கூப்பிடுங்க... ஆனரரி மாஜிஸ்திரேட் சிவசுப்பிரமணியன் பேசறேன்னு சொல்லுங்க... ஆமா, ஆமா, பழைய ஹெட்மாஸ்டர்தான். சீக்கிரம்...

தம்பி, நான்தான்... வணக்கம் இருக்கட்டும். தண்டவாளத்துப் போல்ட்டைக் கழட்டின கேஸ்ல வாக்குமூலம் கொடுக்க நேத்து என்கிட்ட கூட்டிட்டு வந்தீங்களே, கொளஞ்சியப்பன், அவன் எங்க?... லாக்கப்பிலா? டாக்டர் பார்த்தாரா?... எதுக்கா? அவன் கையைப் பார்க்கத்தான்!

...குற்றவாளின்னு சொல்லாதீங்க. குற்றம் சாட்டப்பட்டவன். ரெண்டும் வேற... சரி, சரி, கேளுங்க. 'யாராவது அடிச்சாங்களா'ன்னு கேட்டேன். 'இல்லைங்க சாமி'ன்னான். நானும் 'சுயவிருப்பத்தோடு சொன்னது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடுவுல தண்ணி கேட்டான்... ஆமா, உங்க கான்ஸ்டபிள்தான் ஊத்தினார், சேரி ஆளுங்களுக்குப் பாத்திரத்தைக் கொடுக்காம உசரத்துலேருந்து கையில ஊத்துற வழக்கப்படி. அவன் கை குவியல, தம்பி. ரெண்டையும் பலகையாட்டம் நீட்டினான். அத்தனையும் கீழ கொட்டிச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?... 'சிந்தாம வாங்கிக் குடிக்கத் தெரியாதாடா'ன்னு அதட்டினேன். என் வேட்டியில தெறிச்சுதுன்னு எனக்குக் கோபம்!

...இன்னிக்குச் சாப்பிட உட்காரும்போது ஜெகதாம்பாள் கை கழுவத் தண்ணி ஊத்தினா... ஆமா, என் சம்சாரம். என் விரல் தானா மடங்கிச்சு. அவன் விரல் ஏன் மடங்கலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. இலையை விட்டு எழுந்து வந்துட்டேன்.

...வேஷமா? கணுவுக்குக் கணு வீங்கியிருந்துச்சு. பார்த்தேன், தம்பி. பார்த்துட்டுத்தான், கூலிக்காரன் கை அப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டேன்.

...ஆமா, ஆமா. ரயில்ல பொண்டுபுள்ளைங்க வர்றாங்க, போல்ட்டைக் கழட்டினா அத்தனை உயிரும் போகும். நான் மறுக்கலையே. 'நயமாக் கேட்டா வராது'ன்னு உங்ககிட்ட சொன்னவனே நான்தானே... ஞாபகம் இல்லாம என்ன? அதுதான் என்னைப் போட்டு அறுக்குது. வேற எப்படிக் கேட்பீங்கன்னு நான் கேட்கல. தெரிஞ்சுக்க வேண்டாம்னுதான் கேட்கல.

சரி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இன்னொரு இடத்துலயும் கழட்டியிருக்குன்னானே, போய்ப் பார்த்தீங்களா?... என்ன?... போல்ட்டெல்லாம் முறுக்கினது முறுக்கினபடியே இருக்கா? அப்ப, வலி தாங்காம வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கான்! அதே வாய்தானே மீன்சுருட்டி ஊர் ராசாங்கம் பேரையும் கூட்டாளின்னு சொல்லிச்சு?...

முடியாது. ராசாங்கத்தைத் தொடாதீங்க. அந்த வாக்குமூலம் செல்லாதுன்னு நானே கலெக்டருக்கு எழுதறேன். கண்ணால பார்த்ததையும் எழுதறேன்... போகட்டுமே! வெள்ளைக்காரன் கொடுத்த மாஜிஸ்திரேட் பட்டம் போனாப் போகுது... ராஜத்துரோகியா? தாராளமாச் சொல்லிக்குங்க.

இப்பவே பஸ் ஏறி வர்றேன். அதுக்குள்ள அவனுக்கு ஒரு டம்ளர்ல தண்ணி, யாராவது பிடிச்சு வாயில...

...தம்பி, அங்க யாரு கத்தறது?... கொளஞ்சியப்பன் குரல் இல்ல அது... யாருன்னு சொல்லுங்க... ராசாங்கமா? எப்பப் பிடிச்சீங்க?... காலைலயேவா? என் கையெழுத்தை வச்சா?...

நிறுத்தச் சொல்லுங்க! முதல்ல அதை நிறுத்தச் சொல்லிட்டு அப்புறம் என்கிட்ட பேசுங்க... சத்தம் ஏன் குறையுது? கதவைச் சாத்தச் சொன்னீங்களா?... திறங்க, கிருஷ்ணமூர்த்தி. நேத்துதான் கேட்காம இருந்தேன், இன்னிக்கு நான் கேட்கணும்... ஹலோ... கதவைத் திறங்க... ஹலோ... ஹலோ...