ஆறு கீறல் போட்ட கோது

நான் புதுத் தோட்டா வாங்கியதெல்லாம் பித்தளைக்காகத்தான். கடைக்காரருக்கு அது ஒருநாளும் புரிந்ததில்லை. பெட்டியைக் கையில் எடுத்ததும் இந்தக் குண்டு எவ்வளவு தூரம் நேராகப் போகும், எந்த மிருகத்துக்கு எது பொருத்தம் என்று விளக்கத் தொடங்கிவிடுவார். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கு வேண்டியது கோது மட்டும். கம்பனித் தோட்டாவை ஒருமுறை சுட்டுவிட்டால் மிஞ்சுகிற பித்தளைக் கோது உங்கள் துப்பாக்கியின் அளவுக்கே விரிந்து வந்திருக்கும். அதைக் கழுவி, வெடிமருந்து போட்டு, புதுக் குண்டு பொருத்தினால் கடைத் தோட்டாவைவிட நல்ல தோட்டா. மற்றவர்கள் புல்லுக்குள் விட்டுவிட்டுப் போவதை நான் குனிந்து பொறுக்கிக்கொள்வேன்.

வாக்குமூலத்தைத் தொடக்கத்தில் இருந்து சொல்லச் சொன்னீர்கள். பெயர் விநாயகமூர்த்தி, வயது ஐம்பத்திரண்டு, த்ரீ கிங்ஸ் பகுதியில் சொந்த வீடு. வேலை, இரும்பில் அச்சு வெட்டுவது. வேலைத்தலத்தில் இங்கிலிஷ்தான் கதைக்கிறேன், ஆனாலும் இதைத் தமிழில் சொன்னால்தான் சரியாக வரும். மொழிபெயர்க்க வந்திருக்கிற பிள்ளை அவசரப்படாமல் எழுதட்டும்.

நல்லசாமி ஃபிஜித் தமிழன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். புக்கெகோஹியில் வெங்காயமும் கரட்டும் பொதி செய்கிற கொட்டகையில் வேலை. கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டபோது பழக்கமானோம். ஆட்டிறைச்சி பற்றித்தான் பேச்சு. அவனுக்குத் தெரிந்த பண்ணைக்காரர் ஒருவரின் மலையில் காட்டாடுகள் புல்லை மொட்டையடித்துக்கொண்டிருந்தன, சுட்டுக்கொண்டு போனால் அவருக்குச் சந்தோஷம். அப்படித் தொடங்கி ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். இருவருக்கும் ஒரே அளவுத் துப்பாக்கி. அவன் கம்பனித் தோட்டா வாங்கிச் சுட்டு, கோதை எனக்குத் தருவான். நான் என் கராஜில் நிரப்பிக் கொடுப்பேன்.

இதில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டா நிரப்புகிறவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. இன்னொருவன் நிரப்பியதை உன் துப்பாக்கியில் போடாதே என்பார்கள். மருந்து கூடினாலோ கோது பழசானாலோ வெடிப்பது உன் முகத்துக்கு முன்னால். நல்லசாமிக்கு அது தெரியும், நானேதான் சொல்லிக் கொடுத்தேன். சிரித்தான்.

“அண்ணே, நீங்க போட்டா அது நான் போட்ட மாதிரி. உங்க கைல சந்தேகப்பட என்ன இருக்கு?”

எண்ணிக்கை பிசகக் கூடாது என்பதற்காக நான் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கோதின் விளிம்பில் அரத்தால் ஒரு சின்னக் கீறல் போடுவேன். நான்கு கீறல்வரை பயமில்லை. ஐந்தானால் கையில் வைத்து நன்றாகப் பார்க்க வேண்டும். ஆறு விழுந்தால் குறட்டால் நசுக்கி எறிந்துவிட வேண்டும். பித்தளை களைத்துப்போகும், அடிப்பக்கத்தில் மெல்லிய வெளிர்க்கோடு விழும், பிறகு அது தாங்காது. நல்லசாமி கொண்டுவருகிற ஒருமுறை சுட்ட கோதுகளை நான் எனக்கு எடுத்துக்கொண்டு, என்னுடைய மூன்று நாலு கீறல் கோதுகளை நிரப்பி அவனுக்குக் கொடுத்தேன். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. நல்ல பித்தளையின் அருமை தெரிந்தவனிடம் அது இருப்பதுதான் நியாயம். அவனுக்கு வித்தியாசம் தெரியாது, ஆடும் விழுந்தது.

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு. ஆடு சுட்டுவிட்டு வந்து எங்கள் குசினியில் நல்லசாமி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். நான் மேசையில் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி சாந்தகுமாரி, அவன் இருக்கிற தைரியத்தில், பக்கத்துக் கடைத்தொகுதியில் ஒரு துணிக்கடையில் ஆள் கேட்கிறார்கள், தான் போகட்டுமா என்று கேட்டாள். முன்பும் கேட்டாள், முன்பும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பி, நெஞ்சுக்கு நேரே பிடித்து, இப்போது சொன்னதைத் திரும்பச் சொல் என்றேன். விசையை இழுத்தேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெறும் துப்பாக்கி. அது வெறும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் சொன்னேன், பிறகு.

நல்லசாமி எழுந்து வந்து துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தான்.

“இன்னொரு தடவ இப்படி வெளையாடாதீங்க அண்ணே. அண்ணி சுவரோட ஒட்டி நிக்கிறாங்க பாருங்க.”

“ஓம், சரி” என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அவள் துணிக்கடைக்குப் போகவில்லை. வீட்டில் சமாதானமாக இருந்தோம்.

பிறகு அந்தப் புதுச் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். பழைய ஆயுள்கால லைசென்ஸ் செல்லாது, எல்லோரும் படம் ஒட்டிப் புதிதாக எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஓர் அதிகாரி வருவார், மனைவியிடம் கேட்பார், குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடமும் கேட்பார். வெளியாளாக நான் நல்லசாமியின் பெயரைக் கொடுத்தேன், வேறு யார் பெயரைக் கொடுப்பேன்? வந்த அதிகாரி வயதானவர், நல்ல மரியாதை. இரும்புப் பெட்டியைப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், கராஜைப் பார்த்து மெச்சினார். மனைவியோடு தனியே பத்து நிமிஷம் கதைக்க வேண்டும், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொல்லி உள்ளே போனார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. சாந்தகுமாரியின் தேத்தண்ணி நன்றாக இருக்கும், ஆறுதலாகக் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கோது கழுவினேன்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நான் துப்பாக்கி வைத்திருக்கத் தகுந்த ஆள் இல்லையாம். வீட்டில் உள்ள ஒருவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருக்கிறதாம். இரண்டு பொலிஸ்காரர் வந்து துப்பாக்கியை எடுத்துப்போனார்கள். எதிர்வீட்டுக்காரன் புல்வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட அவமானத்தை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. அவமானத்தையாவது விழுங்கலாம். என் சோற்றைத் தின்று, என் கையால் நிரப்பிய தோட்டாவைச் சுட்டு, அண்ணே அண்ணே என்று பின்னாலேயே திரிந்தவன் முதுகில் குத்திவிட்டான் என்பதைத்தான் விழுங்க முடியவில்லை. வேலைத்தலத்தில் ஓர் அச்சைப் பிழையாக வெட்டினேன், பத்து வருஷத்தில் முதல்முறை.

தகவல் சொன்னது சாந்தகுமாரியாக ஏன் இருக்கக் கூடாது என்று நீங்கள் கேட்பீர்கள். அவளை எனக்குத் தெரியும். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். அதற்கு முந்தின வருஷம் அவளுடைய மணிக்கட்டு முறிந்தபோது ஆஸ்பத்திரியில் டொக்டர் மூன்று முறை எப்படி நடந்தது என்று கேட்டார். மூன்று முறையும் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்படிப்பட்டவள் ஒரு துப்பாக்கிச் சத்தத்துக்கா வாய் திறக்கப்போகிறாள்?

ஆகவே நல்லசாமிதான். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பான், கையைப் பிடித்து அழுவான், அப்புறம் மன்னிக்க வேண்டிவரும். கடிதம் வந்த அடுத்த ஞாயிறே ஆட்டுத் தொடை ஒன்றோடு வந்தான்.

“மனசு விடாதீங்க அண்ணே. அடுத்த வருசம் திரும்பக் கேட்கலாம். அதுவரைக்கும் நான் சுடுறேன், பாதி உங்களுக்கு. தோட்டா மட்டும் நீங்களே போட்டுத் தாங்க.”

தன் கோதுகளை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். லைசென்ஸ் இல்லாத நான் அதைச் செய்யக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். என் மேல் இரக்கப்பட்டு ஒரு வேலை கொடுக்கிறான் என்று எனக்குப் பட்டது, அது இன்னும் எரிந்தது.

இருபது தோட்டா நிரப்பினேன். பத்தொன்பது, நான் வாழ்நாளில் நிரப்பியவற்றில் மிகச் சிறந்தவை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், வேலையில் நான் குறை வைக்கவில்லை. இருபதாவது, நசுக்கி எறிவதற்காக ஒதுக்கி வைத்திருந்த ஆறு கீறல் கோது. வெளிர்க்கோடு நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேல் நான் செய்ததை உங்கள் நிபுணர் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார், பிழை இல்லை, நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கலந்து பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். எந்த ஞாயிறு வரும் என்று எனக்கே தெரியாது. அதனால் அதை நான் செய்தேன் என்று சொல்வதைவிட, நடக்க விட்டேன் என்று சொல்வதுதான் பொருத்தம்.

நான்கு ஞாயிறு கறி வந்தது. சாந்தகுமாரி தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தாள், மூவரும் இருந்து சாப்பிட்டோம். ஐந்தாவது ஞாயிறு அவன் வரவில்லை. அவன் மனைவி ராஜ்னி போன் பண்ணினாள். வலது கண் போய்விட்டது, கன்னத்தில் இரும்பு ஏறியிருக்கிறது என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மல்லிகைப்பூ நிறத்தில் கட்டு, மூக்குவரை. என் குரல் கேட்டதும் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

“பொலிஸ்ல சொல்லிட்டேன் அண்ணே. கடைல வாங்கின புதுத் தோட்டான்னு. உங்க பேரு வராது. கராஜ்ல இருக்கறதெல்லாம் சீக்கிரம் எடுத்துடுங்க.”

குற்றமுள்ள மனம், அதுதான் எனக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். செய்த துரோகத்துக்கு இப்போதாவது ஈடு செய்கிறானே என்று கொஞ்சம் மனமும் இளகியது. கையை விடாமல் அரை மணி நேரம் இருந்தேன். தண்ணீர் கேட்டான், குடிக்கக் கொடுத்தேன்.

கம்பனித் தோட்டாவில் கீறல் இருக்காது. கிழிந்த பித்தளையில் ஆறு கீறலைப் பார்த்து நீங்கள் என் கராஜுக்கு வந்தீர்கள். அன்றைக்கே, நீங்கள் அரங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, பெண்கள் காப்பகம் என்று சொல்லி இரண்டு பெண்கள் காரில் வந்து சாந்தகுமாரியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சூட்கேஸ் ஏற்கெனவே அடுக்கியிருந்தது. யாரோ பயம் காட்டிக் கூட்டிப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இவ்வளவும் நான் உங்களிடம் மறைக்காமல் சொன்னது, செய்ததற்குக் காரணம் இருந்ததால்தான். இப்போது இந்தத் தாளை மேசையில் வைத்திருக்கிறீர்கள். லைசென்ஸுக்காக வீட்டுக்கு வந்த அந்த அதிகாரி நல்லசாமியிடம் கேட்டு எழுதிய குறிப்பு, கீழே அவன் கையெழுத்து. மொழிபெயர்க்கிற பிள்ளை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். ஆறு வருஷமாக இவர் நிரப்பும் தோட்டாவைச் சுடுகிறேன், இவரைப்போல நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை, கோபப்பட்டோ துப்பாக்கியைத் தவறாகப் பிடித்தோ கண்டதே இல்லை. அப்படிச் சொல்லியிருக்கிறான். குசினியில் அந்த ஞாயிறு நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்படியானால் நல்லசாமி விஷயத்தில் நான் தவறிவிட்டேன். அவனுடைய கண்ணைக் கெடுத்தது நான்தான், தெரிந்தே செய்தேன், அவன் ஒரு குற்றமும் செய்யாதவன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் மன்னிப்பும் கேட்பேன்.

அந்த அதிகாரி விசாரித்தது இரண்டே பேரை. அந்த நாற்பது நிமிஷம் நான் கராஜில் கோது கழுவிக்கொண்டிருந்தேன்.

தாளைத் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று. சாந்தகுமாரியை எந்த வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?