பாட்டில்லாத காலையில் ஊரைப் பாடவைத்தவருக்கு

முப்பத்துநான்கு ஆண்டுகள் முகம் காட்டாமலே மனங்களில் முகவரி பெற்றவரே! பல்லவியோடு பலரும் நின்றுவிட, சரணம்வரை வரிகளைச் சளைக்காமல் சொன்னதால் 'சரணம் அக்கா' எனச் சகலராலும் அழைக்கப்பெற்ற எங்கள் மூத்த அறிவிப்பாளரே! வணக்கம்.

பழைய பாடல்களுக்கென்றே பிறந்த நம் வானொலி, கடந்த ஆறு ஆண்டுகளில் கண்ணெதிரே கரைந்தது. நாள் முழுதும் ஒலித்தது அரைநாளாயிற்று. அரைநாள் மூன்று மணி நேரமாயிற்று. "கேக்குறவங்களுக்கு வயசாயிடுச்சு, விளம்பரம் வரமாட்டேங்குது" என்றார் மேலாளர். தாங்கள் ஓய்வுபெறும் வெள்ளியோடு அதுவும் முடியும், சனி முதல் புதுப்பாட்டுதான் என்று முடிவாயிற்று. இசைத்தட்டுகள் எப்போதோ அட்டைப்பெட்டிகளில் ஏறிப் போய்விட்டன. கணினியில் இருந்தவையே மிச்சம்.

அவற்றை அழித்தவர்கள் நாங்கள். இதை மறைத்தால் இந்தப் பாராட்டே பொய்யாகிவிடும். சனிக்கிழமைப் பட்டியலை ஏற்றும் அவசரத்தில், ஒருநாள் முந்தி, வியாழன் மாலையே பழையதைத் துடைத்துவிட்டோம். வெள்ளி காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், ஒலிப்பொறியாளர் வெளிறிய முகத்தோடு தங்கள்முன் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு பழைய பாட்டுகூட இல்ல. எல்லாம் போச்சு."

திட்டுவீர்கள் என்று தலைகுனிந்து நின்றோம். தாங்களோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டீர்கள்.

"பாட்டுதானே போச்சு? கேக்குறவங்க இருக்காங்கல்ல. போன் லைனைத் திற."

ஒலிவாங்கிமுன் அமர்ந்து உள்ளதை உள்ளபடி உரைத்தீர்கள். "இன்னைக்கு எங்ககிட்ட பாட்டு இல்லீங்க. உங்ககிட்ட இருந்தா பாடுங்க."

என்னே அந்தக் காலை! வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேருந்து ஓட்டுநர் பாடினார். இரவுப்பணி முடித்த செவிலியர் பாடினார். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சலவைக்காரர் பாடினார். நாற்பத்தொரு பேர் பாடினார்கள். நாற்பத்தொரு பேரும் நடுவில் மறந்தார்கள். தாள் பாராமல், தயங்காமல், விட்ட அடியை விட்ட இடத்திலேயே எடுத்துக் கொடுத்தீர்கள். "இல்லம்மா, நீ ரெண்டு பாட்டைக் கலக்குற" என்று செவிலியரைத் திருத்தி, இரண்டையும் தனித்தனியே பாடவைத்தீர்கள்! நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்ல வந்த மேலாளர், கதவுப்பிடியில் கைவைத்தபடியே நின்றுவிட்டார்.

பத்து மணியை நெருங்கும்போது ஒரு பெரியவர் அழைத்தார். "எனக்குப் பாட வராதும்மா. வீட்டுக்காரி பாடுவா. அவ போய் ஒரு வருஷமாச்சு."

"எந்தப் பாட்டுன்னு சொல்லுங்க. நான் பாடுறேன்."

முப்பத்துநான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாங்கள் பாடி நாங்கள் கேட்டதில்லை. ஏனென்று அன்று விளங்கிற்று. அடி ஒன்றும் பிசகவில்லை. சுருதி ஒன்றும் சேரவில்லை! ஆனாலும் கடைசிச் சரணம்வரை கண்மூடிப் பாடினீர்கள்.

"அவளும் இப்படித்தாம்மா பாடுவா" என்றார் பெரியவர்.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிச் சுவருக்கு இப்புறம் எங்களில் ஒருவரும் ஒருவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிவு மாறவில்லை, சனிக்கிழமை புதுப்பாட்டு ஒலித்தது. ஆயினும் அந்த மூன்று மணி நேரத்தைக் கண்ட நாங்கள் வியந்தவர்கள் வியந்தபடியே நிற்கிறோம், அம்மையீர்! உடல் நலிவின்றி, உள்ளம் சலிப்பின்றி, நூறாண்டும் அதற்கு மேலும் வாழ்க! இனி வீட்டில் வாய்விட்டுப் பாடுங்கள். அண்டை வீட்டார் பொறுத்தருள்வார்களாக!

தாங்கள் திட்டாமல் விட்ட,
ஒலிபரப்புப் பிரிவினர்