ஹிலரி பிரேத்வெயிட் வெளியிடாத ஆறாவது பகுதி

அவைத் தலைவர் போதகர் அன்ஸ்வொர்த் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் ஜீன் டில்ட்ஸ்லி அம்மையாரே, இந்த மழையிலும் வைட்ஹேவன் வரை வந்து சேர்ந்த, இணையத்தில் பாட்காஸ்ட் பேசும் தோழர்களே!

வாரம் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டே கால்பந்து பேசும் லீட்ஸ் சகோதரர்கள் வந்திருக்கிறீர்கள். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அதற்குத் தீர்ப்புச் சொல்லும் கிளாஸ்கோ நண்பர் வந்திருக்கிறார். தேவாலய மணிகளைத் தவிர வேறெதையும் பேசாத நார்விச் அம்மையார் வந்திருக்கிறார். பேசியே பிழைக்கும் கூட்டம் நாம். இன்று நம்மில் ஒருவருக்காவது பேச்சு வருகிறதா? எப்படி வரும்! நம் ஹிலரி பிரேத்வெயிட் போய்விட்டாரே!

உள்ளூர் வானொலியில் அவர் செய்தி வாசித்தபோது நான் அவருடைய ஒலிப்பதிவாளன். அந்த நிலையத்தை மூடினார்கள். ஹிலரி வீட்டுக்குப் போய், துணி அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே ஒரு மைக்கை வைத்துக்கொண்டு, காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ‘வீடு திரும்பாதவர்கள்’ என்று பெயர். சீந்துவார் இல்லை. பிறகு ரோரியின் கதை வந்தது.

ரோரி, ஜீன் அம்மையாரின் மகன். பத்தொன்பது வயது. வேலை முடிந்து கிளம்பியவன் வீடு வந்து சேரவில்லை. அந்தக் கதையின் ஐந்தாம் பகுதி வெளியான வாரத்தில் நாடு முழுவதும் ஹிலரியின் குரல்தான். பேருந்தில் அந்தக் குரல், சமையலறையில் அந்தக் குரல்! கேட்டவர்கள் எல்லாரும் துப்பறிவாளர் ஆனார்கள். ரோரியின் மாற்றாந்தந்தை கீத்தான் கொலைகாரன் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். வீட்டுக் கதவில் சாயம் பூசினார்கள். ஒருநாள் கடைவாசலில் வைத்து அவரை அடித்து விலா எலும்பை முறித்தார்கள்.

மறுநாள் காலை ஜீன் அம்மையார் ஹிலரியின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் உட்காரவில்லை. கைபேசியை நீட்டினார். அதில் ஹிலரியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

“இது உங்க குரல்தானே?”

“ஆமாங்க.”

“மெத்தை விளம்பரம் முடிஞ்சதும் எம்புள்ள உயிரோட இருக்கானா இல்லையான்னு சொல்லப் போறீங்களாமே. எனக்கு மட்டும் இப்பவே சொல்லிடுங்களேன். அவ்வளவு நேரம் என்னால தாங்க முடியாது.”

ஹிலரி நேரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் ஐந்து பகுதிகளையும் நீக்கினார். உண்மையில் எந்த விடையும் இல்லாமலே தயாராக இருந்த ஆறாவதை வெளியிட மறுத்தார். லண்டனிலிருந்து தொலைபேசியில், நிகழ்ச்சியை வாங்கியிருந்த நிறுவனத்தின் ஜாஸ்பர் கத்தினான்:

“பைத்தியமா ஒனக்கு? நாடே காத்துக்கிட்டு இருக்கு!”

“நாடு கதைக்குக் காத்துக்கிட்டு இருக்கு, ஜாஸ்பர். அந்தம்மா புள்ளைக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. வச்சிடு போன.”

அதன் பிறகு என்ன நடந்தது? கேட்டவர்கள் வசைபாடினார்கள். நம் தொழிலில் இருப்பவர்களே கேலி செய்து சில பகுதிகள் வெளியிட்டார்கள். ஹிலரி ஒரு மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் ஜீன் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. அடுத்த சனியும் தட்டினார். பனிக்காலம் முழுவதும் தட்டினார். கடைசியில் ஒருநாள் கதவு இடுக்கிலிருந்து குரல் வந்தது.

“பையில மைக் இருக்கா?”

ஹிலரி கைப்பையை அப்படியே வாசற்படியில் கவிழ்த்தாராம். குடை, இருமல் மிட்டாய், பாதி தின்ற சாண்ட்விச்.

“ஐயோ, சாண்ட்விச்ச எதுக்குக் கொட்டுனீங்க? உள்ள வாங்க.”

அன்று தொடங்கி, நோய் அவரைப் படுக்கையில் தள்ளும் வரை சனிதோறும் போனார். ஜீன் தன் மகனைப் பற்றிப் பேசுவார், ஹிலரி கேட்டுக்கொண்டிருப்பார். நாடறிந்த அந்தக் குரல் அந்த வீட்டில் வாய்மூடி உட்கார்ந்திருந்தது! ஒரு சொல்லும் பதிவாகவில்லை.

பெரியோர்களே, அவர் நிம்மதியாகப் போனார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. அது பொய். மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“டெஸ்மண்ட், அந்த ஆறாவத வெளியிட்டிருந்தா, அதக் கேட்டு யாராவது ஒருத்தர் வாயத் தொறந்திருப்பாங்களோ? பையன் கெடைச்சிருப்பானோ?”

ரோரி இன்றுவரை கிடைக்கவில்லை. கீத் ஊரை விட்டுப் போனவர் திரும்பவில்லை. ஹிலரி செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு தாய் தாங்க முடியாது என்றார், அவர் நிறுத்தினார். நம்மில் எத்தனை பேர் நிறுத்தியிருப்போம்? எத்தனை பேர்?

இன்று காலை கல்லறையில் ஜீன் அம்மையார் என்னிடம் சொன்னார்: “அவனப் பத்தி நான் சொன்னதெல்லாம் அவங்களோடவே போயிடுச்சு. இனிமே யார்கிட்ட சொல்லுவேன்?”

தோழர்களே, அவருக்கு எழுப்ப வேண்டிய நினைவுச் சின்னம் கல்லில் இல்லை. நம் நிகழ்ச்சிகளில் யாருடைய துயரத்தையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் தொடமாட்டோம் என்று இந்த அவையில் உறுதி சொல்வோம். கைதூக்குங்கள்... நன்றி. லீட்ஸ்காரர்கள் ஒருமுறையாவது ஒத்துப்போனீர்கள்.

ஜீன் அம்மா, எனக்கு ஹிலரி மாதிரி சும்மா உட்காந்து கேக்கத் தெரியாது, கத்துக்கறேன். சனிக்கிழமை வர்றேன். ரோரி பொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க.